தோளை விட்டு இறங்காத புத்தகப்பை

முதல் வகுப்பு ஆசிரியையாகப் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, குழந்தைகளின் காலை நேர வயிற்றுவலியைப் பொய் என்று சொல்வதை நான் அறவே விட்டுவிட்டேன். திங்கட்கிழமைகளிலும் நீண்ட விடுமுறை முடிந்த மறுநாளிலும் எட்டு மணிக்குத் தொடங்கி, "சரி, இன்னைக்குப் போக வேண்டாம்" என்று அம்மா சொன்னதும் தணிந்துவிடும் அந்த வலி நடிப்பாகத் தோன்றுவது இயல்புதான். ஆனால், மனம் அஞ்சும்போது வயிறு உண்மையாகவே பிசைகிறது. அச்சத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்காத ஐந்து வயதுக் குழந்தை, வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுகிறது.

கொரோனாவுக்குப் பின் 2021 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறக்கப்பட்டபோது, என்னிடம் வந்தவர்களில் பலர் பால்வாடிக்குக்கூடப் போயிராதவர்கள். அவர்களுள் ஒரு சிறுமி வாசல் கம்பியைப் பற்றிக்கொண்டு அழுவாள். "சொல்லாம கிளம்பிடுங்க, அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுவா" என்று, எல்லாத் தாய்மாருக்கும் சொல்லி வந்ததையே அவள் அம்மாவுக்கும் சொன்னேன். அழுகை நின்றது. ஆனால் அவள் நாள் முழுவதும் புத்தகப்பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சன்னலைப் பார்த்திருந்தாள்.

"ஏன் சாமி, பையைக் கழட்டி வைக்கலாமில்ல?" என்று ஒருநாள் அருகில் உட்கார்ந்து கேட்டேன்.

"அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா நான் ஓடணுமில்ல டீச்சர். தாத்தா 108-ல போனாரு, வரவே இல்லை."

அவளுக்குப் பள்ளியின் மேல் எந்த அச்சமும் இல்லை. தான் இல்லாத நேரத்தில் வீட்டில் என்ன நடக்குமோ என்பதே அவள் அச்சம். சொல்லாமல் மறைந்துபோகும்படி அவள் தாயிடம் கூறியதன் மூலம், அந்த அச்சத்தை நானே நாள்தோறும் உறுதிப்படுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் முதல் அம்மா அவளிடம் சொல்லிவிட்டே புறப்பட்டார். பள்ளி விடும்போது எந்த இடத்தில் நிற்பார் என்பதைக் காட்டினார். சொன்னபடியே வேப்பமரத்தடியில் நின்றார். அழுகை பலத்தது, எனினும் அது ஆறிய பின் அவள் சிலேட்டைத் தொட்டாள்.

வீட்டில் பிறந்த தம்பி, இருட்டான கழிப்பறை, பக்கத்துப் பிள்ளையின் மேல் விழுந்த அதட்டல் எனக் காரணங்கள் குழந்தைக்குக் குழந்தை மாறும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பைக் கீழே வைத்த நாம், குரலை இன்னும் தாழ்த்தவில்லை என்பதே என் வருத்தம்.

டிசம்பரில் ஒரு நாள் அவள் பையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். மூன்றாம் அலைக்கு மூடப்பட்ட பள்ளி 2022 பிப்ரவரி 1 அன்று திறந்தபோது, அது மீண்டும் தோளில் ஏறியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா வேப்பமரத்தடியைக் கைகாட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் பை இறங்கியது.