ஆவி வந்த பிறகு மூடு

எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி முடித்த ஆறு மாதத்தில் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி, நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளை இன்சூரன்ஸுக்கான குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் கம்பெனிகளிடமிருந்து. எங்கள் வகுப்பில் பலர் அங்கேதான் சேர்ந்தார்கள். சென்னையிலேயே இருக்கலாம், மாதம் பிறந்தால் சம்பளம். அதில் குறை சொல்ல எதுவுமில்லை; எனக்குத்தான் வெள்ளைக் கோட்டு ஆசை விடவில்லை. லேப் வேலை என்று தேடினால், புதியவர்களுக்கான விளம்பரத்தில்கூட ஒரு வருட அனுபவம் கேட்டார்கள்.

பயோடேட்டாவில் பி.சி.ஆர்., எலைசா, வெஸ்டர்ன் பிளாட் என்று லேப் சோதனைகளை அடுக்கி வைத்திருந்தேன். வெஸ்டர்ன் பிளாட்டை ஆராய்ச்சி மாணவி ஒருவர் செய்ய, பத்துப் பேர் சுற்றி நின்று எட்டிப் பார்த்ததுதான் என் 'அனுபவம்'.

கடைசியில் ஹைதராபாத் பக்கம் ஊசிமருந்து தயாரிக்கும் ஆலை ஒன்றில் வாக்-இன். மைக்ரோபயாலஜி தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. நேர்காணல் எடுத்தவர் என் புராஜெக்டைத் தொடவே இல்லை.

"ஆட்டோகிளேவ் போட்டிருக்கிறீர்களா?" பிரஷர் குக்கர் மாதிரி, அழுத்தமான ஆவியில் கிருமிகளைக் கொல்லும் கருவி அது.

"போட்டிருக்கிறேன் சார். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம்."

"இது புத்தகத்தில் இருக்கிறது. முள் 15 பவுண்டு காட்டுகிறது, ஆனால் உள்ளே சூடு 121-ஐத் தொடவில்லை. என்ன காரணம்?"

பாடம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணாவின் குரல்தான் வந்தது: "ஏம்மா, அடுப்பு பத்த வச்சதும் வால்வை மூடாதே. மொதல்ல விட்டு விட்டு காத்துதான் வரும். புஸ்ஸுனு ஒரே சீரா ஆவி வரட்டும், அப்புறம் மூடு." சரி, அதையே சொன்னேன். காற்று உள்ளே தங்கிவிட்டால் அழுத்தம் ஏறும், அதற்குரிய சூடு ஏறாது. அவர் தலையாட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் ஆர்டர் வந்தது.

சேர்ந்த முதல் மூன்று மாதம் மீடியா தயாரிப்பு மட்டும்தான்; மீடியா என்றால் கிருமிகளை வளர்க்கும் ஊட்டக் கலவை. லிட்டருக்கு 40 கிராம் சோயாபீன் கேசின் அகார், பி.எச். 7.3, ஆட்டோகிளேவ், ஆறவைத்துத் தட்டில் ஊற்றுவது. நல்ல சூட்டில் ஊற்றினால் மூடியெல்லாம் வியர்த்துவிடும். ஆறவிட்டால் குடுவையிலேயே கட்டியாகிவிடும். கையால் தொட்டுப் பார்த்தே பதம் தெரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. காற்றிலிருந்து கிருமி விழுகிறதா என்று பார்க்க, அந்தத் தட்டுகளைத்தான் மருந்து நிரப்பும் அறையில் நான்கு மணிநேரம் வரை திறந்து வைப்பார்கள். மருந்து நிரம்பும் இடத்தில் வைத்த தட்டில் ஒரு புள்ளி முளைத்தாலும் விசாரணைதான்.

திட்டு வாங்கியது மட்டும் வேறு விஷயத்துக்கு. பதிவேட்டில் தேதி 3 என்று எழுதிவிட்டு, அதையே 8 ஆகத் திருத்தினேன். கல்லூரி ரெக்கார்டு நோட்டில் அப்படிச் செய்யாதவர் யார்? என் மேலாளர் அந்தப் பக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்தார். தப்பை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சரியான தேதி, காரணம், கையெழுத்து. அந்த 8-க்கு விளக்கம் எழுதியே என் மதியம் போனது.

பொங்கலுக்கு ஊர் வந்தபோது கல்லூரிக்குப் போய் அண்ணாவைப் பார்த்தேன். வேலை கிடைத்த கதையைச் சொன்னதும் அவருக்கு வெட்கம் கலந்த சிரிப்பு.

"அங்கயும் வால்வு பக்கத்துலயே நிக்கணுமா?"

"இல்லண்ணா, அங்க மெஷினே காத்தை உறிஞ்சிடும், தானா மூடிக்கும்."

"அப்போ உனக்கு என்னம்மா வேலை?"

"அது மூடிச்சுன்னு எழுதி, கையெழுத்துப் போடுறது."