குளிர்காலக் காலையில் வண்டிக்கு ஒரு நிமிடம் கொடுங்கள்

இன்று விடியற்காலை நல்ல குளிர். வண்டி நாலாவது கிக்கில்தான் பிடித்தது. பிடித்த உடனே ஆக்சிலேட்டரை முறுக்கக் கை துடிக்கும். தயவுசெய்து முறுக்காதீர்கள்.

ஆயில் கேஜைக் கழற்றிப் பார்த்தேன். முனையில் இருந்த ஆயில் சொட்டவே மனமில்லாமல் தேன் மாதிரி தொங்கியது. ராத்திரி முழுக்க அது கீழே வடிந்து கிடக்கிறது. மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை பம்ப் அதை ஏற்றக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்குள் முறுக்கினால் உலோகம் உலோகத்தோடு உரசும். 10டபிள்யூ-40 என்று டப்பாவில் இருக்கிறதே, அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. அதன் முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் சுலபமாக ஓடும்.

அப்புறம் பெட்ரோல். குளிரில் அது சரியாக ஆவியாகாது, சிலிண்டருக்குப் போகும் வழியிலேயே துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் சோக் இழுப்பது இதற்குத்தான்: காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்ட. பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் சென்சார் வெப்பநிலையைப் பார்த்துத் தானே கூட்டிவிடும். சூடானதும் சோக்கைத் தள்ள மறந்தால் பிளக் கரி பிடிக்கும்.

பேட்டரியும் குளிரில் சோர்ந்துவிடும். கிக்கர் இருந்தால் முதல் ஸ்டார்ட்டுக்கு அதையே மிதிப்பேன்.

சூடான பிறகு அதே குளிர் நமக்கு லாபம். 30 டிகிரி காற்றைவிட 0 டிகிரி காற்று சுமார் 11 சதவீதம் அடர்த்தி அதிகம். ஆக்சிஜன் கூடுதலாக உள்ளே போகிறது, இழுவையும் கூடுகிறது. இன்று ஒரு நிமிடம் முறுக்காமல் ஐடிலில் விட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினேன். அப்புறம் என்ன இழுவை!