டெலிவரி ஆகக்கூடாத பார்சல்

கூரியர் வேலைக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஆரம்பாக்கத்தில் எங்கள் கிளை. கடையை விட்டு இறங்கி வடக்கே கொஞ்ச தூரம் போனால் தடா, ஆந்திரா. பின்கோடு 6ல் ஆரம்பித்தால் நம்ம பக்கம், 5ல் ஆரம்பித்தால் அந்தப் பக்கம். தடா 2022லேயே திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது, ஆனால் கவரில் இன்னும் நெல்லூர் மாவட்டம் என்றுதான் எழுதுகிறார்கள். தடாவில் காலையில் கொடுத்த கவர், மாநிலம் மாறுகிறதே என்று வடக்கே ஒரு சுற்று, சென்னை ஹப்பில் ஒரு சுற்று என்று போய் மூன்றாம் நாள் ஆரம்பாக்கம் வரும். சைக்கிளில் கொண்டுவந்திருந்தால் டீ ஆறுவதற்குள் வந்திருக்கும். "ஏன் சார் லேட்டு" என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் கேட்டவன் நான்.

2024 டிசம்பரில் ஒரு தம்பி வந்தார். திருநெல்வேலிக்காரர், ஸ்ரீசிட்டியில் இன்ஜினீயர், மாற்றலாகிப் புனே போகிறார். பெட்டிகளையெல்லாம் எடை போட்டு முடித்த பிறகு பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பட்டாளத்துக்காரர்கள் கழுத்தில் போடுகிற மாதிரி தகடு, அதோடு சங்கிலியில் ஒரு ரப்பர் ஆமை. தகட்டில் ஒரு பூச்சிப் படம், பூச்சியின் முதுகில் பார்கோடு. கை பழக்கதோஷம், ஸ்கேனரை வைத்து அடித்துப் பார்த்தேன். சத்தமே வரவில்லை.

"அண்ணே, இதை எங்கயும் அனுப்ப வேண்டாம். நீங்க பழவேற்காடு பக்கம் டெலிவரிக்குப் போவீங்கல்ல, கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் ஆமை முட்டை போடுற வேற ஊருக்கு யாராவது போனா அவங்க கையில குடுத்துடுங்க."

முகவரி? இல்லை. பெறுநர்? இல்லை. கையெழுத்து யார் போடுவார்? யாரும் இல்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டாம். 2000 மே 2ஆம் தேதி அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு, அதைக் காட்டோரமாக வைத்துவிட்டு, இருக்கும் இடத்தை இணையத்தில் எண்களாக எழுதினார். அதில் ஒரு பீன்ஸ் டப்பாவும் இருந்தது. இப்போது உலகம் முழுக்க அப்படிப் பெட்டிகள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குப் பெட்டி ஊர் மாறிப் போவதற்கென்றே இந்தத் தகடுகள். எடுப்பவர் தகட்டிலுள்ள எண்ணை அந்த விளையாட்டின் இணையதளத்தில் போட்டு, எங்கே எடுத்தேன், எங்கே விட்டேன் என்று எழுதவேண்டும். அந்த எண்ணை வெளியே சொல்லக்கூடாது, தகட்டைக் கையில் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். ஓடிபி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தகட்டின் சொந்தக்காரர் ஜெர்மனியில் ஒரு அம்மா. கடலாமை முட்டையிடும் கரைகளை இது பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. கிரேக்கத்தில் ஸாகிந்தோஸ் தீவுக்குப் போயிருக்கிறது, அங்கே பெருந்தலை ஆமைகள் வரும். ஓமனில் ராஸ் அல் ஜின்ஸ், அது பச்சை ஆமைகளின் கரை. அங்கிருந்து யார் கையிலோ சென்னை, அப்புறம் இந்தத் தம்பி. எங்கள் ட்ராக்கிங்கை விட விவரமாக இருந்தது. ஒருவர் தகட்டுக்கு மழையில் சளி பிடித்துவிட்டது என்றுகூட எழுதியிருந்தார்.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை இல்லை. எங்கள் வேலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கையில் மீந்த கவருக்கு ‘டோர் லாக்’ என்று அடித்துவிடுவது ஒரு வழக்கம். கதவு பூட்டியிருந்ததா என்று யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? அதே கையோடு, தகடு டிராயரில் கிடக்க, ஜனவரியில் ஒருநாள் தளத்தில் எழுதிவிட்டேன்: பழவேற்காடு கடற்கரைக்குக் கொண்டுபோனேன். முடிந்தது வேலை. இரண்டு நாளில் அந்த அம்மாவிடமிருந்து பதில். அவ்வளவு சந்தோஷம். ஆமை வந்ததா, மணல் என்ன நிறம், படம் இருந்தால் போடுங்கள், அவசரமில்லை. இந்த ‘அவசரமில்லை’யை ஒரு வாடிக்கையாளர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஜனவரி கடைசியில் போனேன். பொன்னேரி வழியாகப் பழவேற்காடு, பாலம் தாண்டிக் கலங்கரை விளக்கம் இருக்கும் குப்பம். என் நேரம், அந்த மாதம்தான் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. மணலில் கால் வைத்ததும் நாற்றம். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி ஒன்று கிடந்தது, நாய் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. ஆமைக்கு மூச்சு நுரையீரலில், மேலே வந்து காற்று வாங்கவேண்டும்; இழுவலைக்குள் மாட்டி மேலே வர முடியாவிட்டால் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் சாகும். தகட்டைப் பையிலிருந்து எடுக்க மனசு வரவில்லை. அந்த அம்மாவுக்கு எழுதினேன், நான் முதலில் எழுதியது பொய், இன்றைக்குத்தான் போனேன், பார்த்தது இது என்று. ஒரு வாரம் பதில் வரவில்லை. அப்புறம் ஒரே வரி: உண்மையைச் சொன்னதற்கு நன்றி, மறுபடி போவீர்களா?

பிப்ரவரியில் மறுபடி போனேன். குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், சீசன் முழுக்க ராத்திரி கரையோரம் நடந்து முட்டை எடுத்துப் பாதுகாக்கிற வேலை அவருக்கு. "டார்ச்சு அடிக்காத தம்பி" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றியிருந்தார். புத்தகத்தில் ஆலிவ் ரிட்லி, அவருக்கு இது பங்குனி ஆமை. ராத்திரி ஒரு மணிக்கு மேல் தடம் கிடைத்தது, ஈர மணலில் டிராக்டர் டயர் ஏறிப்போன மாதிரி. தடத்தின் முடிவில் அவள் இருந்தாள். முட்டையிட்டு முடித்து, குழியை மூடி, உடம்பை இடம் வலமாகத் தூக்கி மணலில் மொத்து மொத்தென்று மொத்தினாள். எனக்கு ஹப்பில் மூட்டை இறக்குகிற சத்தம்தான் ஞாபகம் வந்தது, என்ன செய்ய. அவள் கடலுக்குள் போன பிறகு பெரியவர் கையால் தோண்டி 118 முட்டைகள் எடுத்தார், பிங்பாங் பந்து மாதிரி. நாய்க்கும் நரிக்கும் முன்னால் வேலி போட்ட இடத்துக்குக் கொண்டுபோய்ப் புதைக்கவேண்டும். நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆகும் பொரிக்க. மண் சூடு கூடினால் பெண்குஞ்சு, குறைந்தால் ஆண் என்றார். விடிந்ததும் தடத்தின் மேல் தகட்டை வைத்துப் படம் எடுத்தேன்.

ஆமைக்கும் தகடு போடுகிறார்கள் என்று அவர்தான் சொன்னார், துடுப்புக் காலில், எண்ணோடு. தேடிப் பார்த்தேன். 2021ல் ஒடிசாவில் 03233 என்று எண் போட்டு விட்ட ஓர் ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவில் குஹாகர் கரையில் ஏறி முட்டையிட்டிருக்கிறது. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குத் தெற்கே சுற்றித்தானே போயிருக்க வேண்டும், நம்ம கடலைத் தாண்டித்தான். முதல் ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில் நாலு வருஷம்! எங்கள் ஏரியா மேனேஜரிடம் இதைச் சொன்னேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தகடு அடுத்து எங்கே போவது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிற ஒடிசாப் பையன் ஒருத்தன் மாதாமாதம் வீட்டுக்குப் பார்சல் போட வருவான். ஊர் கஞ்சம் மாவட்டம். ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரம் அங்கேதான், 2025 பிப்ரவரியில் சுமார் ஏழு லட்சம் ஆமைகள் ஏறிய கரை. மார்ச்சில் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பினான். தகட்டைக் கொடுத்து, பாதித் தமிழ் பாதி இந்தியில் எல்லாம் விளக்கினேன். தலையாட்டினான். ரசீது கேட்டான். ரசீது கிடையாது என்றதும் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஏப்ரலில் திரும்பி வந்தான். "அண்ணா, ஆமை எல்லாம் வந்து போயாச்சு. குஞ்சு வர்றதுக்குள்ள லீவு முடிஞ்சுது." தகடு எங்கே? அக்கா பொண்ணு விடவில்லையாம், மூன்றாம் வகுப்பு, ஸ்கூல் பையில் கட்டிக்கொண்டு திரிகிறாளாம். அடுத்த வருஷம் ஆமை வரும்போது கரைக்குக் கூட்டிப்போவதாக அக்கா சொல்லியிருக்கிறாள்.

எனக்கு முதலில் கோபம். அப்புறம் தளத்தைத் திறந்து இருக்கிறதை இருக்கிறபடி எழுதினேன்: கஞ்சம், ஒடிசா. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பையில் இருக்கிறது. கடல் நடந்துபோகிற தூரம். ஆமை அடுத்த பிப்ரவரியில்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. அந்தப் பையின் படம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.