தேரிக்குடியிருப்பில் ஒரு பங்குனி உத்திரம்

"உன் குலதெய்வம் எதுடா?" என்று விடுதியில் ஒருத்தன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன். "கற்குவேல் அய்யனார்" என்றவர், "பங்குனி உத்திரத்துக்கு இந்த வருஷம் நீ போயிட்டு வாயேன், எனக்கு லீவு கிடைக்காது" என்றும் சேர்த்துக்கொண்டார். வடபழனி முருகனிடம்கூட நான் பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் போகிற ஆள். சரி, இரண்டு நாள் வகுப்புக்கு மட்டம் போடலாமே என்றுதான் ஒத்துக்கொண்டேன். உண்மையை மறைப்பானேன்.

எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறி மறுநாள் காலை திருச்செந்தூரில் இறங்கினேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு முருகனைப் பார்க்காமலா என்று நினைத்தேன். ஸ்டேஷனுக்கு வந்திருந்த பெரியப்பா விடவில்லை. "இன்னைக்கு மொதல்ல அய்யனாரு. முருகனைத் திரும்பி வாறப்ப பாத்துக்கிடலாம்." நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கமெல்லாம் பங்குனி உத்திரத்தன்று அவரவர் சாஸ்தாவுக்குத்தான், அதாவது அய்யனாருக்குத்தான், முதல் கும்பிடு. காட்டுக்குள்ளோ, குளக்கரையிலோ, மலையடிவாரத்திலோ குடும்பத்துக்கு ஒரு சாஸ்தா இருப்பார். தங்கள் சாஸ்தா எது என்பதே மறந்துபோனவர்கள் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் இருக்கும் சொரிமுத்தையனாரிடம் போவார்களாம். "ஒங்கப்பன் சொல்லலைன்னா நீயும் அங்கதான் போயிருக்கணும்" என்று பெரியப்பா சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

காயாமொழி தாண்டியதும் மண்ணின் நிறம் மாறிவிட்டது. செம்மண் என்று சொன்னால் போதாது. செங்கல்லை மாவாய் அரைத்துக் கொட்டி வைத்ததுபோல மேடு மேடாக மணல். அதில் பனையும் உடைமரமும், கொல்லாமரம் என்று இங்கே சொல்கிற முந்திரியும். கொல்லாம்பழம் பழுத்து விழுந்த வாசனை வண்டிக்குள் வரை வந்தது. இதுதான் தேரி. மணலில் இரும்புச் சத்து இருப்பதால் இந்தச் சிவப்பு. ஆடிக்காற்று அடித்தால் மேடு ஒரு பக்கம் கரைந்து இன்னொரு பக்கம் ஏறிவிடும் என்றார் பெரியப்பா.

கோயிலைச் சுற்றி மரத்துக்கு ஒரு குடும்பம் இடம் பிடித்திருந்தது. எங்கள் கூட்டம் ஒரு உடைமரத்தடியில். பெங்களூரிலிருந்து, திருப்பூரிலிருந்து, வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் என்று முப்பது நாற்பது பேர். பாதிப் பேரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஆச்சி ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டி, "சின்னவன் மவன்" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு அத்தை கையில் தேங்காயைக் கொடுத்துத் திருகச் சொன்னாள். எனக்குத் தேங்காய் திருகத் தெரியாது என்பது ஐந்து நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அப்புறம் அடுப்பு மூட்டும் வேலைக்கு மாற்றினார்கள். மூன்று கல், நடுவில் காவோலை. காய்ந்த பனையோலை பற்றுகிற வேகம் எனக்குப் புதுசு. தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோன உடனே குபீரென்று எரிந்து, அதே வேகத்தில் சாம்பலாகிவிடுகிறது. ஓலையை மடக்கி மடக்கித் திணித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நொடி அசந்தால் அடுப்பு அணைந்துவிடும். "மட்டையைப் போடுலே, மட்டைதான் நின்னு எரியும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மட்டையைச் செருகினேன். பானை கழுத்தில் நுரை கூடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். புகையில் என் கண்ணெல்லாம் தண்ணீர். பக்தியில் அழுகிறேன் என்று நினைத்த ஒரு பாட்டி என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

சன்னதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பூரணை, புஷ்கலையோடு அய்யனார். கற்குவா மரத்திலிருந்து வெளிப்பட்டவர், அதனால்தான் இந்தப் பெயர் என்று ஆச்சி காதருகே சொன்னாள். நான் மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன்: ஒரு அரியர் பேப்பர், கேம்பஸ் இன்டர்வியூ, அப்புறம் இங்கே எழுத முடியாத ஒன்று. என் உதடு அசைவதை ஆச்சி பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"ஏய்யா, கேக்கதுக்கு வேற சாமி இருக்கு. இவுக நம்ம வீட்டுப் பெரியாளு. வந்து மொகத்தக் காட்டணும், அவ்ளோதான்."

முகத்தைக் காட்டினேன். திருநீறு வாங்கிக்கொண்டு, பேச்சியம்மன், சுடலைமாடன் என்று ஒவ்வொரு பீடமாகக் கும்பிட்டு வெளியே வந்தபோதுதான் பட்டியலைப் பாதியில் விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகத் தோன்றவில்லை.

கோயிலுக்குப் பின்னால் தேரியில்தான் கள்ளர் வெட்டு நடக்கும். கார்த்திகைக் கடைசியில், டிசம்பர் நடுவாக்கில் வரும் திருவிழா. களவு செய்தவனை அய்யனார் தண்டித்த கதை அது. கள்ளனுக்குப் பதில் இளநீரை வெட்டுவார்கள். அந்தத் தண்ணீர் சிந்திய மண்ணை அள்ள அப்படி ஒரு தள்ளுமுள்ளு இருக்குமாம். வீட்டிலும் கடையிலும் வயலிலும் வைத்தால் விளங்கும் என்று நம்பிக்கை. அந்த இடத்தைப் பார்க்கிறேன் என்று உச்சி வெயிலில் செருப்பில்லாமல் மணலில் இறங்கினேன். பத்து அடி வைத்திருப்பேன். பிறகு ஓட்டம்தான், பனை நிழலுக்குப் பனை நிழல் தாவி வந்து சேர்ந்ததைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் கைதட்டின. பாதத்தில் ஒரு கொப்புளம்.

மருந்து மாதிரி வந்தது பதனீர். சைக்கிளில் கொண்டுவந்தவர் பனங்குருத்தோலையை விரித்து மடித்து, நுனியை அதன் ஈர்க்கால் கட்டிப் பட்டையாக்கிக் கையில் கொடுத்தார். அதற்குள் நறுக்கிய மாங்காய் நாலு துண்டு, மேலே பதனீர். விளிம்பில் வாய் வைத்தால் முதலில் பச்சை ஓலை வாசம், அப்புறம் தித்திப்பு, கடைசியில் நாக்கில் லேசாகச் சுண்ணாம்பு. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் அது கள்ளாகிவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூன்று பட்டை குடித்தேன்.

சாயங்காலம் பாத்திரங்களை ஏற்றும் நேரத்தில் ஒரு பெரியவர் நீள நோட்டோடு வந்தார். எங்கள் கூட்டத்தின் வரிக் கணக்கு. பக்கம் பக்கமாகப் பெயர்கள். தாத்தா பெயர் மேல் ஒரு கோடு, அதன் கீழே பெரியப்பா, அதன் கீழே அப்பா. ஒவ்வொரு வருஷமும் பணம் கட்டியதற்கு டிக். நாங்கள் யாரும் வராத வருஷங்களிலும் அப்பா பெயருக்கு நேரே டிக் இருந்தது. அப்பா இதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை.

"நீ வேலைக்குப் போயிட்டியா?"

"இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கு, தாத்தா."

அவர் யோசித்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அப்பா பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினார். "சம்பளம் வாங்கினதும் பேனாவுல எழுதிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போய்விட்டார்.