'மாடி' என்று தேடினால் முட்டை வருகிறது

"மாவுப்பூச்சிக்கு அந்தப் பொண்ணு ஏதோ கரைசல் சொன்னாளே, எந்த வீடியோடா அது?" என்று அம்மா கேட்டதில் தொடங்கியது. மாடித்தோட்ட வீடியோக்கள் நாற்பது சேமித்து வைத்திருக்கிறேன். தலைப்பெல்லாம் 'செடி செழிக்க ஒரே ரகசியம்' ரகம். பேச்சுக்குள்தான் தேடியாக வேண்டும்.

பேச்சை எழுத்தாக்க, 2022-இல் வெளிவந்த விஸ்பர் என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டேன். 6,80,000 மணி நேர ஒலியில் பழக்கியது, தமிழும் அறியும், இணையம் இல்லாமலே ஓடும். சின்ன மாடலில் வேகம் இருந்தது, தமிழ் இல்லை. பெரிய மாடலில் தமிழ் தேறியது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் லேப்டாப்பில் இருபது நிமிட வீடியோவுக்கு ஒன்றரை மணி நேரம். எட்டு இரவு ஓடவிட்டுப் படுத்தேன். இடையில் வெறும் இசை ஓடும் இடங்களில் யாரும் சொல்லாத 'நன்றி வணக்கம்' வரிவரியாக வந்து நின்றது. பேச்சில்லாத பகுதியை முன்கூட்டியே வெட்டிவிடும் வடிகட்டியைப் போட்டதும் சரியானது.

அப்புறம்தான் வேடிக்கை. வரிகளை நேரக்குறிப்போடு எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் ஏற்றி, வரிகளைச் சொல் சொல்லாகப் பிரித்துவைத்துத் தேடும் அதன் முழு உரைத் தேடலில் 'மாடி' என்று அடித்தேன். மூடி வந்தது, முட்டை ஓட்டு உரம் வந்தது. அரை நாள் மண்டையை உடைத்த பிறகு புரிந்தது: அந்தத் தேடல் வழக்கமான அமைப்பில் துணைக்கால், கொம்பு, புள்ளி எதையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. அவை வரும் இடத்தில் சொல்லை வெட்டிவிடுகிறது. மாடி என்பது அதற்கு 'ம', 'ட'. முட்டையும் அதே 'ம', 'ட'வில்தானே தொடங்குகிறது! குறியீடுகளையும் எழுத்தாகக் கொள்ளச் சொல்லி ஒரு வரி சேர்த்ததும் முட்டை ஒழிந்தது.

மாவுப்பூச்சி மட்டும் சிக்கவில்லை. ஒரு வரியில் 'மாவு பூச்சி', இன்னொன்றில் 'மாவுப்பூச்சிக்கு', வேறொன்றில் 'மாவுபூச்சிய'. இயந்திரத்தைத் திருத்துவதைவிடத் தேடலைத் தளர்த்துவது மேல் என்று தோன்றியது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் வரி செய்தேன்: இடைவெளி கிடையாது, இரட்டித்த ஒற்று ஒற்றையாகும், ல ள ழ மூன்றும் ல, ன ண ந மூன்றும் ன, ற எல்லாம் ர. தேடும் சொல்லுக்கும் அதே கசாப்பு. நெடிலையும் குறிலாக்கிப் பார்த்தேன். 'மழை' என்று தேடினால் 'மாலையில தண்ணி ஊத்துங்க' எல்லாம் கொட்டியது. அதை மட்டும் திரும்ப எடுத்துவிட்டேன்.

நிழல் வரிக்குள் சொல்லின் துண்டு எங்கே இருந்தாலும் பிடித்தால் போதும் என்றானதும் முழு உரைத் தேடலே தேவைப்படவில்லை. நாற்பது வீடியோவின் எழுத்தைச் சாதாரணத் தேடல் கண் இமைக்கும் நேரத்தில் துழாவிவிடுகிறது. அரை நாள் வீண்தான், போகட்டும்.

கிடைத்தது ஒரு ரோஜா வீடியோவில், பதினொன்றாம் நிமிடத்தில்: வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல். அம்மாவிடம் காட்டினேன். "இது இல்லடா, அந்தப் பொண்ணு கண்ணாடி போட்டிருப்பா" என்றார்.