பன்றியின் சினைமுட்டையில் காத்திருக்கும் தூது ஆர்.என்.ஏ.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலேயே அதிகப் பன்றிகளைக் கொண்ட மாநிலம் அசாம். அங்கே ஓர் இனப்பெருக்க ஆய்வகத்தில் பணியாற்றிய காலத்தில் என் கவனத்தை முழுவதுமாக எடுத்துக்கொண்டது சி.பி.இ.பி.1 என்னும் புரதம். புரதம் உருவாக்குவதற்கான செய்தியை ஏந்தும் தூது ஆர்.என்.ஏ.வின் கடைப்பகுதியில், யுரேசில் என்னும் எழுத்து மிகுந்து வரும் ஒரு குறுந்தொடரை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் இப்புரதம், ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டைகளில் ஆராயப்பட்டு 1990களில் அறியப்பட்டது.

இறைச்சிக்கூடத்திலிருந்து சினைப்பைகள் வெதுவெதுப்பான உப்புநீரில், பிளாஸ்க்கில் வந்து சேரும். 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள நுண்பைகளிலிருந்து ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுத்து, சுற்றியுள்ள கியூமுலஸ் செல்கள் குலையாதவற்றை மட்டும் தேர்ந்து இன்குபேட்டரில் வைப்போம். முதிர்ச்சியின் முதல் படியாக, சுண்டெலியின் முட்டை சில மணி நேரத்திலேயே உட்கருவின் உறையைக் கரைத்துவிடும். பன்றியின் முட்டைக்கோ அதற்கு மட்டும் ஏறத்தாழ 20 மணி நேரமும், முழு முதிர்ச்சிக்கு 42 முதல் 44 மணி நேரமும் ஆகும்.

முழு வளர்ச்சி பெற்ற முட்டையில் புதிய ஆர்.என்.ஏ. உருவாவது பெரும்பாலும் ஓய்ந்துவிடுவதால், வளர்ச்சியின்போது சேமித்த தூது ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டே அது மேற்கொண்டு இயங்க வேண்டியிருக்கிறது. சி.பி.இ.பி.1 பற்றியிருக்கும்வரை அவற்றின் பாலி-ஏ வால், அதாவது முனையில் உள்ள அடினைன் தொடர், குட்டையாக இருப்பதால், அவற்றிலிருந்து புரதம் அதிகம் உருவாவதில்லை. முதிர்ச்சிக்கான சைகை கிடைத்து, அப்புரதத்தின்மீது பாஸ்பேட் ஏற்றப்பட்டதும் வால் நீள்கிறது. செல் பிரிதலை முன்னெடுக்கும் சைக்ளின் பி1 முதலிய புரதங்கள் உருவாகின்றன. அடக்கி வைத்த புரதமே விடுவிக்கவும் செய்கிறது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. புரத உருவாக்கத்தைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடைச் சேர்த்தால் பன்றியின் முட்டை உட்கரு கரையாமல் நின்றுவிடும். கழுவி நீக்கினால் மீண்டும் முன்னேறும். சுண்டெலியின் முட்டை அப்படி நிற்பதில்லை என்பதால், ஓர் உயிரினத்தின் முடிவை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அளவீட்டில்தான் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. பாலி-ஏ வாலைப் பற்றும் ஒலிகோ-டிடி பிரைமரை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டு) கொண்டு ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. நகலான சி.டி.என்.ஏ.வைத் தயாரித்தால், வால் நீண்டதையே ஆர்.என்.ஏ.வின் அளவு கூடிவிட்டதாக முடிவு காட்டக்கூடும். எனவே வாலைச் சாராமல் எங்கும் பற்றும் ரேண்டம் பிரைமரைக் கொண்டு தயாரித்த மாதிரியையும் உடன் வைத்து ஒப்பிட்ட பிறகே எந்த எண்ணையும் பதிவேட்டில் எழுதுவோம். புதிதாகச் சேரும் மாணவர்களுக்குக் கருவியை இயக்கக் கற்றுத் தருவதற்கு முன்பே இதை விளக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

முட்டைகள் குறைவாகக் கிடைத்த நாட்களில், ஆர்.என்.ஏ. அளவீட்டை விட்டுவிட்டு அனைத்தையும் புரதத்தை அளக்கும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கே ஒதுக்குவோம். தூது ஆர்.என்.ஏ. தொடக்கத்திலிருந்தே அங்கே இருக்கிறது. சைக்ளின் எந்த மணி நேரத்தில் உருவாகத் தொடங்குகிறது என்பதைப் புரதத்தை நேரடியாக அளந்தால்தான் காண முடியும்.