அந்தப் பையன், வந்த பையன்: தமிழ் வகுப்பில் கிளிக்கர்

மொரீஷியஸில் கல்லூரியில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வீட்டுப் பேச்சு கிரியோல்தான். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சத்தில் வாயே திறக்க மாட்டார்கள். "புரிந்ததா?" என்றால் எல்லாத் தலையும் ஆடும், விடைத்தாளைத் திருத்தும்போதுதான் உண்மை தெரியும். மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் போன்ற இடங்களில் இலக்கணம் நடத்துவோர், கேள்விக்கு விடையைப் பொத்தான் அழுத்திச் சொல்ல உதவும் கருவியான கிளிக்கரை அவசியம் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். யார் எதை அழுத்தினார் என்பது பக்கத்து நாற்காலிக்குத் தெரியாது. வகுப்பு எங்கே தடுமாறுகிறது என்பது ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.

கருவி எளியது. உள்ளங்கையளவு ரிமோட்; பெரும்பாலான மாடல்களில் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து பொத்தான். லேப்டாப்பின் யுஎஸ்பியில் ஒரு ரிசீவரைச் செருகினால் போதும், வைஃபை வேண்டாம். பக்கத்து வகுப்பிலும் கிளிக்கர் ஓடினால் ரிசீவரின் சேனலை மாற்றிவிட்டு, பிள்ளைகளையும் அதே சேனலுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். இதை மறந்தால் பாதிப் பேரின் பதில் வந்து சேராது. பதில் ஏறிவிட்டதா என்பதைக் கருவியிலுள்ள விளக்கே காட்டும். அதைப் பார்க்க முதல் நாளே பழக்குங்கள்.

நம் வினாத்தாள் வழக்கப்படி விடைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று போடாதீர்கள். மூன்றாவது விடையான 'இ'யை மனதில் வைத்துக்கொண்டு ஐந்தாவது பொத்தானை அழுத்துகிறவர்கள் இருப்பார்கள். பொத்தானில் உள்ள எழுத்தே திரையிலும் இருக்கட்டும். வகுப்பறைக் கணினியில் தமிழ் எழுத்துரு உடையும் அபாயம் இருந்தால், கேள்வியைப் படமாக ஒட்டிவிடுவது நல்லது.

எல்லாமே கேள்வியில்தான் இருக்கிறது. "எதில் வல்லினம் மிகாது?" என்று கேட்டு நான்கு விடை கொடுங்கள்: ஏ) அந்த + பையன், பி) பாலை + குடித்தான், சி) வந்த + பையன், டி) வர + சொன்னான். சரியான விடை சி, 'வந்த' பெயரெச்சம். 'அந்த'வும் 'வந்த'வும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால் விதியைப் புரியாமல் ஓசையை வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏ பக்கம் போவார்கள். பி விழுந்தால் இரண்டாம் வேற்றுமை உருபையே திரும்ப நடத்த வேண்டும். டி என்றால் 'வர' என்ற எச்சத்தையும் பெயரெச்சத்தையும் குழப்புகிறார்கள். தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். சும்மா இடம் நிரப்ப எழுதிய விடையால் ஒரு பயனும் இல்லை.

ஹார்வர்டில் எரிக் மசூர் 1991-இல் இயற்பியல் வகுப்பில் தொடங்கிய முறைதான் இதற்கு அடிப்படை. முதலில் ஒன்றரை நிமிடம், பேச்சில்லாமல் தனியாக அழுத்த வேண்டும். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பாடத்தைத் திரும்ப நடத்துங்கள். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு மேலே போகலாம். இரண்டுக்கும் நடுவே இருந்தால், வேறு விடை அழுத்திய பக்கத்து ஆளோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாட விட்டு, மறுபடி வாக்கெடுங்கள். வாதம் கிரியோலில் நடந்தால் நடக்கட்டும், விதி தெளிவானால் சரி. முதல் வாக்கின் வரைபடத்தை மட்டும் அப்போது காட்டவே கூடாது. உயரமான பட்டையைப் பார்த்ததும் எல்லாரும் அங்கே தாவிவிடுவார்கள், வாதமும் செத்துப்போகும்.

ஒரு மணி நேர வகுப்பில் மூன்று நான்கு கேள்விக்கு மேல் தாங்காது. மதிப்பெண் தருவதானால் பங்கெடுத்ததற்கு மட்டும் தாருங்கள். சரியான விடைக்குத் தந்தால் கெட்டிக்காரப் பிள்ளையின் விரலைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். வராத நண்பனின் கருவியையும் சேர்த்து அழுத்துகிறவர்கள் உண்டு. தலையை எண்ணிப் பதிலின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

நீண்ட விடுமுறைக்கு முன் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். இந்த ஈரக் காற்றில் பெட்டிக்குள் கிடந்தால் பேட்டரி கசிந்து, உள்ளே இருக்கும் தகடு பச்சை பூத்துவிடும்.

கருவி வாங்கப் பணமில்லாத துறைக்குப் பிளிக்கர்ஸ் அட்டை இருக்கிறது. தாளில் அச்சிட்ட அட்டையை மாணவர் எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறாரோ அதுவே விடை. ஆசிரியரின் போன் கேமரா அதைப் படிக்கும். அட்டையைப் பளபளவென்று லேமினேட் செய்தால் விளக்கொளி பட்டுக் கேமரா திணறும். பளபளப்பில்லாத தடித்த தாளே போதும். விரல் கறுப்புக் கட்டத்தை மறைக்காமல் ஓரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.